பதினஞ்சு கோடு

ஒட்டாதீங்க தம்பி. இங்க வேணாம். அந்தத் தூண்ல ஒட்டுங்க, டிரான்ஸ்பார்மர்ல ஒட்டுங்க. எதிர்த்தாப்ல வண்டி ஸ்டாண்டு இருக்குது பாருங்க, அந்தத் தகரம் முழுக்க ஒட்டிக்கினு போங்க, அவளுக்குக் குளுகுளுன்னு இருக்கும். என் கடையில வேணாம். பத்து ரூபா காசு செல்லும்னு என் கடை சுவத்துலயே எழுதி வெச்சா, இத்தினி நாளா நான் பொய் சொன்னேன்னு ஆயிடாதா?

உக்காருங்க. டீ போடறேன். பேங்க்லேர்ந்து வந்த பையனை வெயில்ல நிக்க வெச்சே அனுப்பிட்டா அதுக்கும் எனக்கு ஒரு பேரு வரும். இந்த பஸ் ஸ்டாண்டுல தெய்வானைக்குப் பேரு வெக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்குது.

இன்னா சொன்னீங்க? காசுல கோடு பத்து இருந்தாலும் செல்லும், பதினஞ்சு இருந்தாலும் செல்லும். ரூபா குறி இருந்தாலும் செல்லும், இல்லாட்டியும் செல்லும். சரி. படிச்சவரு சொல்றீங்க. நான் ஒன்னு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்புறம் ஏன் ஒரே மாதிரி அடிக்கல? ஆரணியில போய்ப் பாருங்க, ஒரே டிசைன்ல நூறு புடவ நெய்யறான், ஒரு பூ மாறாது. கவர்மெண்டுக்கு ஒரு காசை ஒரே மாதிரி அடிக்க வராதா? ஒன்னுல கோடு, ஒன்னுல கதிரு, ஒன்னுல யாரோட தலையோ. பாக்கறவ எதைன்னு நம்புவா?

மொதல்ல அந்தக் குறியே கெடையாது, அப்பாலதான் வந்துச்சின்றீங்க. அதை வரைஞ்சது நம்ம தமிழ்நாட்டு ஆளுன்றீங்க. சந்தோசம். அதனால பழைய காசுல குறி இருக்காது, புதுசுல இருக்கும். நல்லாத்தான் வெளங்குது. இதை அன்னிக்கே ஒருத்தரு வந்து சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? எல்லாம் முடிஞ்சி போனப்புறம் நோட்டீசு எடுத்துக்கினு வர்றீங்க.

யாரு அவளா? அம்சவேணி. எனக்கு ஓரகத்தி. என் வூட்டுக்காரரு ஏகாம்பரம், அவுரு கூடப் பொறந்த தம்பி தசரதன், அவன் பொண்டாட்டி. அந்த வண்டி ஸ்டாண்டு அவங்களது. அவங்களதுன்னா, ஏலத்துல எடுத்தது. நியாயமா எங்களுக்கு வந்திருக்க வேண்டியது. நாங்க இங்க கடை போட்டப்ப அங்க வெறும் முள்ளுதான். ஏலம் வருதுன்னு மொதல்ல மோப்பம் புடிச்சதே நான். இவரைத் தள்ளித் தள்ளி அனுப்பறேன். அங்க போய்ப் பாத்தா தம்பிக்காரன் உக்காந்திருக்கான். தம்பி கேட்டதும் இவரு கைய எறக்கிட்டாரு. "தம்பி கேக்கும்போது நான் எப்படி மேல கேப்பேன்?"னு என்கிட்ட வந்து சொல்றாரு, பெரிய தருமராசா மாதிரி. அன்னிக்கு எரிஞ்ச வயிறு இன்னும் எரியுது.

வண்டிக்குப் பத்து ரூபா. காலையில செய்யாறு போறவங்க, ஆரணி போறவங்க, தறிக்குப் போறவங்க, வாத்தியாருங்க, எல்லாம் வண்டியப் போட்டுட்டு பஸ் ஏறிடுவாங்க. எல்லார் கையிலயும் அந்தக் காசு. அவ இடுப்புல சுருக்குப் பையாட்டம் ஒரு பை கட்டியிருப்பா. நடந்தா சலங் சலங்னு கேக்கும். எனக்குக் கேக்கணும்னே நடப்பா தம்பி. காலையில இங்க டீ குடிக்க வருவா. அங்கயே ஒரு கடை இருக்குது, அங்க குடிக்கலாமில்ல? மாட்டா. இங்க வந்து குடிச்சிட்டு, இந்தப் பலகை மேல காசை டங்குன்னு போடுவா. "எடுத்துக்கோக்கா." எடுத்துக்கோக்காவாம். பிச்ச போடற மாதிரி.

ஒரு நாள் அவ போட்ட காசையும் கல்லாவுல இருந்த காசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். என் காசுல பத்துன்னு போட்டதுக்கு மேல கோடு கோடா இருக்குது, சின்னப் புள்ளைங்க சூரியன் வரையுமே அந்த மாதிரி. பத்து கோடு. ரூபா குறியும் இருக்குது. அவ காசுல பதினஞ்சு கோடு. குறியக் காணோம். கையில வெச்சா லேசா இருக்கற மாதிரி வேற பட்டுச்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி.

இவருகிட்டக் காட்டினேன். கண்ணாடிய மாட்டிக்கினு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ரெண்டும் நல்ல காசுதான் தெய்வான. ரெண்டுலயும் சிங்கம் இருக்குது. சுத்தி மஞ்சள், நடுவுல வெள்ளை. இது முன்ன அடிச்சது, இது பின்ன அடிச்சது, அவ்ளோதான்"னாரு. "நீ பக்கத்துல நின்னு அச்சடிச்சியா?"ன்னு கேட்டேன். கண்ணாடியக் கழட்டிட்டு கிளாஸ் கழுவப் போயிட்டாரு. அவரு எப்பவும் அப்படித்தான். ஒரு பேச்சு பேசுவாரு, நாம திருப்பி ஒன்னு சொன்னா கிளாஸ் கழுவப் போயிடுவாரு.

அடுத்த நாள் காலையில அவ வந்தா. நல்ல கூட்டம். டங்குன்னு போட்டா. நான் எடுத்துப் பாத்தேன். பதினஞ்சு. திருப்பி அவ பக்கம் தள்ளினேன்.

"இன்னாடி காசு இது?"

"இன்னாக்கா, பத்து ரூபா."

"நல்லாப் பாரு. நல்ல காசுல பத்து கோடு இருக்கும், ரூபா குறி இருக்கும். இது கள்ளக்காசு. எங்கேர்ந்துடி கொண்டாந்த?"

மெதுவாத்தான் கேட்டேன். என் தொண்டை கொஞ்சம் பெருசு, அதுக்கு நான் இன்னா பண்றது? அவ மூஞ்சி செத்துப் போச்சி. கண்டக்டர் கஜேந்திரன் பன்னு கடிச்சிக்கினு நின்னவன், பையத் தொறந்து அவன் காசையெல்லாம் கொட்டி எண்ண ஆரம்பிச்சிட்டான், எதுல பத்து எதுல பதினஞ்சுன்னு. பூக்காரி வந்து எட்டிப் பாக்கறா. வாத்தியாரு ஒருத்தரு "அப்படியும் இருக்கலாம்"னு சொல்றாரு. வாத்தியாரே சொல்றாரு தம்பி!

நான் பாத்ததைச் சொன்னேன். அவ்ளோதான் என் பங்கு. ஊரு முழுக்க நானா போய்ச் சொன்னேன்? எனக்கு இந்தக் கடைய உட்டு நகர முடியுமா? கஜேந்திரன் அன்னிக்கே அந்தக் காசை வாங்கறதை நிறுத்திட்டான். அவன் பஸ்ல வந்தவங்க ஆரணியில சொன்னாங்க, செய்யாத்துல சொன்னாங்க. கொஞ்ச நாள்ல என்கிட்டயே வந்து சொல்றாங்க. "அக்கா, விஷயம் தெரியுமா? பதினஞ்சு கோடு இருந்தா போலியாம். டிவியில சொன்னாங்களாம்." "சுத்தியால தட்டினா நடுவுல இருக்கற வெள்ளை கழண்டு வந்துடுமாம்." "அப்படியா?"ன்னு கேட்டுக்கினேன். நான் சொன்னதையே டிவியும் சொல்லுதுன்னா, நான் சொன்னது சரின்னுதானே அர்த்தம்?

அப்புறம் யாரு கோட்டை எண்ணிக்கினு நிக்கறது? சுத்தி மஞ்சளா, நடுவுல வெள்ளையா இருந்தா வேணாம்னுட்டாங்க. மளிகைக் கடையில வேணாம், மருந்துக் கடையில வேணாம், காய்க்காரி வேணாம்றா. பத்து கோட்டுக்கும் அதே கதிதான். நானும்தான் வேணாம்னேன். ஊரோட ஒத்துப் போறதுதானே?

அவளுக்குத்தான் திண்டாட்டம். வண்டி போடறவங்க, வேற எங்கயும் போவாத காசைப் பூரா பொறுக்கி எடுத்தாந்து அவகிட்டத்தான் தள்ளுவாங்க. வாங்கலைன்னா சண்ட. "நேத்து வரைக்கும் வாங்கின இல்ல?"ன்னு எகிறுவாங்க. வாங்கினா, பால்காரன் வேணாம்றான், அரிசிக் கடையில வேணாம்றாங்க. பேங்க்குக்குப் பையத் தூக்கிக்கினு போனாளாம், எண்றதுக்கு ஆளு இல்லைன்னு அனுப்பிட்டாங்களாம். எந்த பேங்க்குன்னு எனக்குத் தெரியாது, உங்களதா இருக்காது, கோச்சிக்காதீங்க. பாதிப் பேரு ஆஸ்பத்திரி சுவரோரமா வண்டியப் போட ஆரம்பிச்சிட்டாங்க. ஸ்டாண்டு வெறிச்சோடிப் போச்சி. இங்கேர்ந்து பாத்தா அந்தாண்ட ரோடு வரைக்கும் தெரியும்.

இங்க டீக்கு வர்றதை நிறுத்திட்டா. சரி, தொலஞ்சான்னு இருந்தேன். ஒரு நாள் மத்தியானம், கடையில ஆளு இல்லாதப்ப வந்தா. இடுப்புல பை இல்ல. கையில ஒரே ஒரு காசு வெச்சிருந்தா.

"அக்கா, உன் கால்ல வேணா விழறேன். ஒன்னே ஒன்னு செய்யி. நாளைக்குக் காலையில கூட்டத்துல வந்து இந்தக் காசைத் தர்றேன். நீ வாங்கி கல்லாவுல போடு. ஒரு வார்த்தகூட பேச வேணாம். வாங்கிப் போடு, அது போதும்."

"நான் இன்னா ரிசர்வ் பேங்க்காடி? நான் வாங்கினா செல்லும், வாங்கலைன்னா செல்லாதா?"

"இந்த பஸ் ஸ்டாண்டுல அப்படித்தானேக்கா ஆயிப் போச்சி."

அது உண்மைதான் தம்பி. என் பேச்சுக்கு இங்க ஒரு மதிப்பு இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா நான் கேட்டேன். "இப்ப வுழறேன்றியே இந்தக் காலு, ஏலம் எடுத்த அன்னிக்கு எங்கடி போச்சி? அன்னிக்கு வந்து ஒரு வார்த்த கேட்டியா, அக்கா நாங்க எடுத்துக்கட்டுமான்னு?"

நின்னா. அழுவா, அழுவான்னு பாத்தேன். அழல. காசை முந்தானையில முடிஞ்சிக்கினு போயிட்டா. பின்னால கிளாஸ் சத்தம் நின்னு போன மாதிரி இருந்துச்சி. திரும்பிப் பாத்தேன். இவரு கொழாயத் தொறந்து உட்டுட்டு கைய நனைச்சிக்கினு நிக்கறாரு. "தண்ணி போவுது பாருய்யா"ன்னேன். மூடினாரு.

அப்பறம் அக்கினி நட்சத்திரம் வந்துச்சி. என் பொண்ணு கலைவாணி செய்யாத்துல குடும்பம் நடத்தறா. பேரப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, போய்ப் பாத்துட்டு வர்றேன்னு இவரு கெளம்பினாரு. கஜேந்திரன் பஸ்லதான் போனாரு. டிக்கெட்டுக்குக் காசு எடுத்து நீட்டியிருக்காரு. எல்லாம் பத்து ரூபா காசு. "பெருசு, இது ஓடாது, நோட்டு இருந்தா குடு." "நோட்டு இல்லப்பா, இதுதான் இருக்குது. நல்ல காசு." "அதை உங்க வூட்டம்மாகிட்டப் போய்ச் சொல்லு." பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரு நடு வழியில எறங்கிட்டாராம். அவன் எறக்கி உட்டானா, இவரா எறங்கினாரா, அதுல ரெண்டு பேச்சு இருக்குது. அந்த எடத்துல ஒரு நெழல் கெடையாது. வெறும் கரம்பு. திரும்பி நடந்தே வந்திருக்காரு. பாதி வழியில மயங்கி வுழுந்துட்டாரு.

பைக்ல போன யாரோ அடையாளம் கண்டுக்கினு, அவங்க வண்டி டோக்கன்ல ஸ்டாண்டு நம்பரு இருக்குமில்ல, அதுக்கு போன் பண்ணியிருக்காங்க. தசரதன்தான் போய்த் தூக்கிக்கினு வந்தான். நேரா ஆஸ்பத்திரி. என் போன் சார்ஜ்ல கெடந்துச்சி. ஊருக்கே தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது.

ஓடினேன் தம்பி. செருப்புகூட போடல. போய்ப் பாத்தா கட்டில்ல படுத்திருக்காரு, கையில பாட்டிலு எறங்குது. பக்கத்துல அம்சவேணி உக்காந்து ஒரு அட்டையால விசிறிக்கினு இருக்கா. என் புருசனுக்கு இவ விசிறுறா. தலமாட்டுல ஸ்டூலு. அது மேல அவரு சட்டப் பையில இருந்ததையெல்லாம் எடுத்துக் குவிச்சி வெச்சிருக்காங்க. பூரா பத்து ரூபா காசு. மஞ்சள் மஞ்சளா.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சி. என் கல்லாவுல நான் அந்தக் காசைத் தொடறதே இல்ல. அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சி? கேட்டேன். "இந்தக் காசு ஏதுய்யா உனக்கு?"

அவரு கண்ணத் தொறந்து என்னையே பாத்தாரு. அவதான் சொன்னா. "அக்கா, மாமா இப்பத்தான் கண்ணு முழிச்சாரு, அப்புறம் பேசிக்கலாம்கா."

"நீ வாய மூடுடி. இது உன் காசுதானே?"

அவ வாயிலேர்ந்தே உண்மை வந்துச்சி. தெனம் என் கல்லாவுலேர்ந்து நோட்டை எடுத்துக்கினு போய் அவகிட்டக் குடுத்துட்டு, பதிலுக்கு அவ காசை வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கினு வந்திருக்காரு. அவ பால் வாங்க, அரிசி வாங்க நோட்டு வேணுமாம். அதுக்கு என் கல்லா. நான் இங்க பாய்லர் பக்கத்துல வெந்து சம்பாரிக்கறேன், அவரு பின்னால கொண்டுபோய் அங்க மாத்தறாரு. மாத்தின காசை எங்க செலவு பண்றதுன்னு தெரியாம, எங்க போனாலும் அதையே நீட்டி நீட்டி, வாங்கறவன் வாங்கறான், வாங்காதவன் திட்டறான். ஆஸ்பத்திரின்னும் பாக்காம நான் கத்தினேன். கத்த மாட்டாங்களா? பொண்டாட்டி எதுக்குக் கத்துவான்னு அந்த நர்சம்மாவுக்கு இன்னா தெரியும்? வெளிய போன்னுட்டா.

அவரு அந்தாண்ட செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு.

இன்னா தம்பி அப்படிப் பாக்கறீங்க? மொதல்ல ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டிருக்கணுமா? கண்ணால பாக்கறேன் இல்ல, உசுரோட இருக்காரு, பாட்டிலு எறங்குது. அப்பறம் அதை வேற வாயத் தொறந்து கேக்கணுமா? கலைவாணியும் இதையேதான் கேக்கறா. "அப்பா செத்துப் பொழச்சிக் கெடக்கறாரு, உனக்குக் காசு ஏதுன்றதுதான் பெருசா?"ன்னு. பெத்த பொண்ணு. போனை வெச்சிட்டேன்.

கஜேந்திரனையும் உடல நான். பஸ்ஸை மறிச்சிக் கேட்டேன். "வயசானவருன்னு பாக்க மாட்டியாடா?" அவன் சொல்றான், "வாங்கினா எங்க ஓனரு என் சம்பளத்துல புடிப்பாரு. அந்தக் காசு வேணாம்னு மொதல்ல நீதானேக்கா சொன்ன? உன் பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினேன்." பாத்தீங்களா? எங்க சுத்தினாலும் கடைசியில என் தலமேல கொண்டாந்து வெக்கறாங்க. காசை ரெண்டு மாதிரி அடிச்சவனை ஒருத்தனும் கேக்கல.

ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பினப்ப ஆட்டோ எடுத்துக்கினு போனேன். கட்டில் காலி. தசரதன் வெளிய நிக்கறான். "அண்ணி, அண்ணன் கொஞ்ச நாள் நம்ம வூட்ல இருக்கட்டும். அவரே சொன்னாரு"ன்றான். கொஞ்ச நாள். அதோ பாருங்க, நீல சட்ட, டோக்கன் கிழிச்சிக் குடுக்கறாரு பாருங்க, அவருதான். காலையில வந்து உக்காருவாரு. யாரு எந்தக் காசு குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்குவாரு. கோடெல்லாம் பாக்கறதில்ல. இப்ப மறுபடி அங்க வண்டி நெறையுது. ஜனங்களுக்கு மானம் ரோசம் இல்ல தம்பி, எங்க காசு ஓடுதோ அங்க போயிடுவாங்க.

போய்க் கூப்புட்டுப் பாத்தீங்களான்றீங்க. நான் ஏன் கூப்புடணும்? நானா தொரத்தினேன்? ரோட்டைத் தாண்டினா கடை. வர்றவரு வரட்டும்.

வந்தாரு. போன சந்தை அன்னிக்கு. நல்ல கூட்டம். நான் டீ ஆத்திக்கினு இருக்கேன், நிமிந்து பாத்தா ஆளுங்களோட ஆளா நிக்கறாரு. எளச்சிட்டாரு. தாடி நரைச்சிப் போச்சி. "ஒரு டீ"ன்னாரு. வெளியாளு கேக்கற மாதிரி.

போட்டேன். கிளாஸை வெச்சேன். பையிலேர்ந்து காசை எடுத்துப் பலகை மேல வெச்சாரு. அவள மாதிரி டங்குன்னு போடல. சத்தமே இல்லாம வெச்சாரு. பத்து ரூபா காசு. குறி இல்ல. எண்ணாமயே எனக்குத் தெரியும், பதினஞ்சு.

எல்லாரும் பாக்கறாங்க. பூக்காரி பாக்கறா. கஜேந்திரன் பஸ்ஸுக்கு விசில் குடுக்காம பாத்துக்கினு நிக்கறான். இவங்க எல்லாம் எதுக்குக் காத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் அதைத் தொட்டேன்னு வையிங்க, அத்தினி பேரும் பையில இருக்கறதை எடுத்தாந்து கொட்டிட மாட்டாங்க? அப்புறம் நான் இத்தினி நாளு சொன்ன பேச்சு இன்னா ஆவறது?

"இது ஓடாது"ன்னேன்.

"ஓடும் தெய்வான"ன்னாரு.

கோவமா சொல்லல. எத்தினி நாளு கழிச்சி என் பேரைச் சொல்றாரு.

நான் காசை வெரலால அவரு பக்கம் தள்ளினேன். "காசு வேணாம். சும்மா குடிச்சிட்டுப் போ."

"காசு வேணாம்னா டீயும் வேணாம்." எடுத்துப் பையில போட்டுக்கினாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. நான் ஏதோ சொல்லப் போறேன்னு நெனச்சாரோ இன்னாவோ. நான் பாலைக் கிண்டிக்கினு இருந்தேன், பொங்கிடும் இல்ல. நிமிந்து பாத்தா ரோட்டைத் தாண்டிட்டாரு.

டீ அங்கயே இருக்குது, ஆவி பறக்க. பக்கத்துல நின்னவன் "அதை நான் எடுத்துக்கட்டுமாக்கா?"ன்னான். குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சிய சுளிச்சான். "இன்னாக்கா, சக்கரையே போடல."

அவருக்கு சக்கரை ஆவாது தம்பி, டாக்டரு சொல்லி வருசக் கணக்காச்சி. அவரும் சொல்லல, நானும் கேக்கல. என் கை சக்கரை டப்பா பக்கமே போவல. அவனுக்கு வேற போட்டுக் குடுத்துட்டு, அந்த கிளாஸை வாங்கி நானே குடிச்சேன். ஸ்டாண்டுக்கு முதுகு காட்டி நின்னு குடிச்சேன், அவ பாத்துடக் கூடாதில்ல.